எந்த மெசின் கூடக் குளிரும்?

போன மாதம் என்ட மேசைக்கு ஒரு படிவம் வந்தது. கண் சத்திர சிகிச்சையில் உறையவைக்கப் பாவிக்கிற கிரையோ மெசின் ஒன்று வாங்கப் போகிறார்களாம், மூன்று கொம்பனிகள் விலை கொடுத்திருக்கின்றன, தொழில்நுட்ப ஒப்பீட்டை நிரப்பித் தரட்டாம். விலை, உத்தரவாதக் காலம், உதிரிப்பாகம் எல்லாம் தாண்டி ஒரு நிரல்: 'அடையும் மிகக் குறைந்த வெப்பநிலை'. மூன்று பேருமே மைனஸ் எண்பது சொச்சம் என்று போட்டிருந்தார்கள். யார் ஒரு பாகை கூடப் போட்டாரோ அவருக்கு முழுப் புள்ளி. பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். எழுத வரவில்லை. 2015இல் இதே நிரலை யோசிக்காமல் நிரப்பியவன் நான். நிரப்பிவிட்டு வெட்கப்பட்டவனும் நான்தான்.

மருத்துவ உபகரணங்கள் பழுது பார்ப்பது என்ட தொழில். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் ஆசுப்பத்திரிகளில் வேலை செய்திருக்கிறேன். நான் இங்கே சொல்லப்போவது எந்த ஆசுப்பத்திரியில் நடந்தது, எந்தக் கொம்பனி மெசின் என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். பிழை பெரும்பாலும் என்னுடையது என்பதால் அது தேவையும் இல்லை.

பெத்தாவின் ஐஸ்பழம்

கிரையோ என்ற சொல்லைக் கேட்பதற்கு வெகுகாலம் முந்தியே அந்த வேலையைப் பற்றி எங்கட பாட்டி பெத்தாவிடம் கேட்டிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் அவவுக்குக் கண்ணில் வெள்ளை, அதாவது கண்புரை, எடுத்தார்கள். கண் விறைத்திருந்தாலும் பேச்சுச் சத்தமெல்லாம் காதில் விழுந்ததாம். "கண்ணுக்குள்ள ஐஸ்பழம் வெச்சி இழுத்தவனுகள் மனே" என்று அவ சொல்லும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மறுகா சோடாப் போத்தல் அடி மாதிரி ஒரு கண்ணாடி. அதைப் போட்டால் எங்களையெல்லாம் கொஞ்சம் பெருப்பித்துக் காட்டுமாம். "நல்லா வளந்திட்டாய்" என்று கிழமைக்கு ஒருக்கால் சொல்லுவா.

அவ சொன்னது உண்மை என்று தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. போலந்தில் லுப்லின் நகரத்துக் கண் வைத்தியர் கிரவாவிச் 1961இல் எழுதிய முறை அது. உலர் பனியிலும் மெதில் அற்ககோலிலும் குளிரவைத்த ஒரு உலோகக் குச்சியைக் கண்ணின் வில்லையில் தொடுவது, ஈரமான வில்லை அதில் உறைந்து ஒட்டியதும் அதன் மேலுறையோடு சேர்த்து முழுசாக வெளியே எடுப்பது. அடுத்த வருசமே நியூயோர்க்கில் கெல்மனும் அதைச் செய்தார். (பிறகு அதே கெல்மன்தான் புரையை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் முறையைக் கண்டுபிடித்து, இந்த ஐஸ்பழ வேலைக்கே முற்றுப்புள்ளி வைத்தார். தான் வளர்த்த பிள்ளையைத் தானே வீட்டை விட்டு அனுப்பின மாதிரி.) குளிர்பெட்டிக்குள் இருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ்பழத்தில் உதடு ஒட்டிக்கொண்டு கண்ணீர் வர நின்ற பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஈரம் குளிர்ந்த உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் தோல் உரியும். தண்ணீர் ஊற்றினால் விட்டுவிடும். அந்தக் காலத்தில் குச்சி தவறிக் கருவிழிப் படலத்தில் ஒட்டிவிட்டால் வைத்தியர்களும் உப்புநீரை ஊற்றித்தான் கழற்றினார்கள்.

ஒட்டுவது எவ்வளவு முக்கியமோ விடுவதும் அவ்வளவு முக்கியம் என்பது பெத்தாவின் கதையிலேயே இருந்திருக்கிறது. எனக்குத்தான் உறைக்கவில்லை.

வாய் மட்டும் பெரிய குளிர்

இப்போது புரைக்குக் கிரையோ இல்லை. விழித்திரைக் கிழிசலுக்கு இருக்கிறது. லின்கொஃப் 1964இல் தொடக்கி வைத்தது. கிழிசலைச் சுற்றிக் கண்ணின் வெளிப்பக்கத்தில் இருந்து உறையவைத்தால் அந்த இடம் தழும்பாகி விழித்திரை சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லேசராலும் அதைச் செய்யலாம், ஆனால் கண்ணுக்குள் இரத்தம் கலங்கிக் கிடந்தால் லேசர் ஒளி போய்ச் சேராது. குளிருக்கு வெளிச்சம் தேவையில்லை.

மெசின் என்று சொன்னாலும் உள்ளே பெரிதாக ஒன்றும் கிடையாது. நைட்ரஸ் ஒக்சைட் சிலிண்டரில் இருந்து அழுத்தமான வாயு, தலைமயிர் போன்ற மெல்லிய குழாய் வழியாகப் புரோப் என்கிற கைக்குச்சியின் நுனிக்குப் போகிறது. அங்கே ஒரு சின்னத் துவாரம். அதனூடாக வெளியே விரியும்போது குளிர்ந்துவிடும். அறுபதுகளின் நடுவில் தென்னாபிரிக்க வைத்தியர் அமோயில்ஸ் கண்ணுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. வெறும் வாயு, ஒரு பெடல், ஒரு துவாரம். நைட்ரஸ் ஒக்சைட் மைனஸ் 88.5 பாகையில் கொதிக்கும், அதற்குக் கீழே நுனி போவதில்லை. எந்தக் கொம்பனி விளம்பரத் தாளில் என்ன எழுதினாலும், குளிரைக் கொடுப்பது வாயு. காபனீரொட்சைட்டில் ஓடுகிற மெசினும் உண்டு. அது 5.2 பாருக்குக் கீழே திரவமாக நிற்காது, பனித்தூளாகி விடும். துவாரத்தையும் சில வேளை அடைத்துவிடும். அதனால்தான் எங்களவர்கள் நைட்ரஸை விரும்புகிறார்கள்.

இன்னொரு விசயம், இது எங்கட ஊருக்கே உரியது. காபனீரொட்சைட் 31.1 பாகைக்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாக இருக்காது. நைட்ரஸுக்கு அந்த எல்லை 36.4 பாகை. கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதத்தில் வெயில் படுகிற விறாந்தையில் சிலிண்டரை நிறுத்தி வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குளிர்நாட்டில் இருபது பாகையில் சோதித்து எழுதின தாளை வைத்துக்கொண்டு நாங்கள் இங்கே கச்சானில் மெசின் ஓட்டுகிறோம்.

2015இன் ஆனி மாதத்தில்தான் என்னிடம் இரண்டு மெசின்களை ஒப்பிடச் சொன்னார்கள். ஒன்று இருபது வருசப் பழசு, பெயின்ற் உரிந்து, பெடலுக்கு சைக்கிள் ரியூப் சுற்றிக் கட்டியது. மற்றது பார்க்கப் பளபளவென்று, பரீட்சித்துப் பார்க்கக் கொம்பனி கொடுத்தது, கூடவே தனக்கென்று ஒரு சின்னச் சிலிண்டர். நான் வெப்ப உணரிக் கம்பியை நுனியில் ஒட்டி, பெடலை மிதித்து, மீற்றரைப் பார்த்தேன். பழசு மைனஸ் 64, புதுசு மைனஸ் 79. அரைப் பக்க அறிக்கை. 'புதிய கருவியின் உறைய வைக்கும் திறன் கணிசமாக மேலானது.' கணிசமாக என்ற சொல்லை அன்று நான் ரசித்துத்தான் எழுதினேன்.

கண் சத்திர சிகிச்சை நிபுணர் யாழ்ப்பாணத்துக்காரி. கூடப் பேசமாட்டா, பேசினால் ஒரு வரி. நடைபாதையில் நின்றபடியே அறிக்கையை வாசித்தா. "தம்பி, நீர் இதைக் காத்தில அளந்தனீர். நான் கண்ணில அல்லோ வைக்கிறன்" என்று தாளைத் திருப்பித் தந்தா. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, "நாளைக்கு தியேட்டருக்கு வாரும்" என்றா.

பதினாலு வரை எண்ணியது

அடுத்த நாள் மேசையில் படுத்திருந்தவர் படுவான்கரைப் பக்கத்து விவசாயி. ஒரு கிழமைக்கு முன் கண்ணுக்குள் மின்னல் அடித்ததாம், பிறகு நுளம்புக் கூட்டம் மாதிரிக் கறுப்பு, பிறகு மூலையில் இருந்து ஒரு திரை ஏறியதாம். நெல்லுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வருவம் என்று நின்றதில் ஒரு கிழமை போய்விட்டது. உள்ளே இரத்தம் கலங்கி இருந்தது. மேடம் தலையில் விளக்குக் கருவியைக் கட்டி, ஒரு கையில் கண்ணாடி வில்லையைப் பிடித்து, மற்றக் கையால் புரோப்பின் நுனியை வெள்ளை விழியின் வெளியே வைத்து அமத்தினா. உள்ளே அது ஒரு மேடாகத் தெரியுமாம். கிழிசலுக்கு நேரே மேடு வந்ததும் பெடல். விழித்திரை வெளுக்கிறது தெரிந்த அந்தக் கணமே பெடலில் இருந்து கால். மெசினில் பளிச்சென்று எரிகிற இலக்கத்தை ஒரு தடவைகூட அவ பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, கண் முழுக்க அந்தக் கண்ணுக்குள் கிடந்தது.

முதல் புள்ளி புது மெசினில். கால் எடுத்த பிறகும் வெண்மை பரவிக்கொண்டே போனதாக அவ பிறகு சொன்னா. நான் கண்டது அவவின் கையை. அசையவே இல்லை. உறைந்திருக்கும் போது புரோப்பை அரக்கினால் உள்ளே இருக்கிற படலம் கிழிந்து இரத்தம் ஓடும். அவ சத்தமாக எண்ணத் தொடங்கினா. ஒன்று, இரண்டு... அந்தக் குளிரூட்டின அறையில் எனக்கு வேர்த்தது. பதினாலில்தான் நுனி விட்டது. ஒரு சொல்லும் சொல்லாமல் பழைய புரோப்பைக் கேட்டா. சைக்கிள் ரியூப் சுற்றின பெடலை மிதித்தா, வெளுத்தது, எடுத்தா, எண்ணினா. நாலு. அடுத்தது, நாலு. அடுத்தது, மூன்றோ நாலோ. ஏழு புள்ளியும் அப்படியே. பழைய மெசின் சுவர் மணிக்கூடு மாதிரி அடித்தது.

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னா: "கிழிசல் ஒரு அரிசியளவு. மிச்சமெல்லாம் நல்ல விழித்திரை. அதையும் சேர்த்து உறையவைக்க எனக்கு மெசின் தேவையில்லை." கூட உறைந்தால் நிறக் கலங்கள் உதிர்ந்து கண்ணுக்குள் மிதந்து, பிறகு தழும்புத் திரையாகி, ஒட்டவைத்த விழித்திரையையே திரும்ப இழுக்கும் என்ற பயம் கண் வைத்தியர்களுக்கு எப்போதும் உண்டு. உள்நோக்கி வளர்கிற இமைமயிருக்குக் கிரையோ வைக்கும்போதும் இதே கதைதான். மயிர்வேர் சாக மைனஸ் 20 பாகை போதும். ஆனால் தோலுக்கு நிறம் கொடுக்கிற கலம் மைனஸ் பத்திலேயே செத்துவிடும். எங்களைப் போலக் கறுத்த தோல்காரருக்கு இமையில் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். குளிர் கூடினால்தான் நல்லமென்றால் எல்லாரும் மைனஸ் 196இல் திரவ நைட்ரஜனை எடுத்துக்கொண்டு வந்திருப்பார்களே. பாக்கு வெட்டக் கோடாலி எடுத்த கதையாகப் போயிருக்கும்.

நோன்புக் கடற்பாசி

அன்று பின்னேரம் பட்டறையில் குந்திக்கொண்டு இருந்தேன். கண்ணைப் போல ஏதாவது ஒன்றில் அளக்க வேண்டும். தண்ணீர்க் கோப்பையில் நுனியை விட்டுப் பார்ப்பதை எல்லாத் தியேட்டரிலும் செய்வார்கள், அது மெசின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான். தண்ணீர் ஓடித் திரும்பும், சூட்டைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும், ஐஸ் உருண்டை சரியாக வளராது. ஓடாத தண்ணீர் வேண்டும். ஜெலி செய்யலாம் என்றால் மாட்டெலும்பு ஜெலற்றின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும்.

எங்கட உதவியாளர் நானா காத்தான்குடிக்காரர். அது நோன்பு காலம். நோன்பு திறக்கிறதுக்கென்று வீட்டில் இருந்து ஒரு டப்பாவில் கடற்பாசி ஜெலி கொண்டு வந்திருந்தார். பால் ஊற்றாமல், ரோஸ் சிரப் மட்டும் விட்டு, கண்ணாடி மாதிரி. வெட்டின துண்டை வெயிலில் மறந்து வைத்திருந்தார், உருகவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடற்பாசி ஒருக்கால் இறுகினால் எண்பது, தொண்ணூறு பாகைக்குச் சூடாக்கினால்தான் திரும்ப இளகும். முப்பத்தேழு பாகையில் அப்படியே நிற்கும். உள்ளே பார்க்கவும் ஏலும்.

"நோன்பு திறக்கக் கொண்டந்த சாமான மெசினால குத்தப் போறீங்களா சேர்?" என்று நானா கேட்டார். பாங்கு சொல்லும் வரை பொறுத்தேன், அவருக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு, மிச்சத்தை வெந்நீர்த் தட்டில் வைத்து முப்பத்தேழுக்குச் சூடாக்கினோம். புரோப்பைக் குத்தி, பெடலை மிதித்து, பத்து எண்ணி எடுத்தோம். சிவப்புக் கடற்பாசிக்குள் வெள்ளையாக ஒரு உருண்டை மெல்ல மெல்ல ஊதிக்கொண்டு வந்ததை முதல் தடவை கண்டபோது இரண்டு பேரும் பேசவில்லை. பழசின் உருண்டை நெல்லிக்காய் மாதிரி, நுனியைச் சுற்றி வடிவாக. புதுசின் உருண்டை பெரிது, ஆனால் பின்பக்கமாக வளர்ந்து கொய்யாக்காய் மாதிரி. நுனிக்குப் பின்னால் உலோகம் மூடாமல் கிடந்த நீளம் கூட, குளிர் கழுத்தாலும் கசிந்திருக்கிறது. அதுவரைக்கும் புதுசு வென்றது போலத்தான். ஐந்தாவது குத்தில் பழசு அதே நெல்லிக்காயைத் தந்தது. புதுசு பாதிதான் தந்தது, விடவும் நேரம் எடுத்தது. காற்றில் வெறும் நுனி குளிர வாயு கொஞ்சம் போதும், அதற்குப் பாரம் இல்லை. சூடான ஈரத்துக்குள் விட்டால்தான் மெசினின் மூச்சு தெரியும். அதிலும் உயிருள்ள கண்ணில் விழித்திரைக்குப் பின்னால் இரத்தம் ஆறாக ஓடுகிறது, அது நிறுத்தாமல் சூட்டைக் கொண்டுவரும். கடற்பாசி அந்த மட்டில் சாதுவான கண்.

இரவோடு இரவாக இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதலாவதை அப்படியே கவிழ்த்தது. பழசு மேலானது, உருண்டை அளவு மில்லிமீற்றரில், விடும் நேரம் விநாடியில், அட்டவணையோடு. மேடம் கையெழுத்தும் வைத்தா. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

வேர்த்த சிலிண்டர்

ஆனால் அன்று பின்னேரம் நானா இன்னொன்றும் சொல்லியிருந்தார். புதுசை ஐந்தாவது தடவை மிதித்த நேரம் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்து, "சேர், இதுக்கு அடியில மட்டும் வேர்த்திரிக்கி" என்றார். நான் உருண்டையை வேர்னியரால் அளந்துகொண்டு, ஓம் ஓம் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்துக் கொம்பனிக்குச் சாமானைத் திருப்பி அனுப்ப, அந்தச் சின்னச் சிலிண்டரைத் தூக்கினேன். லேசாக வந்தது. தராசில் வைத்தேன். தோளில் பொறித்திருந்த வெறும் எடையை விட ஒரு கொஞ்சம்தான் கூட. மீற்றரோ அசையாமல் முழு அழுத்தம் காட்டிக்கொண்டு நிற்கிறது. அப்போதுதான் நானா சொன்ன வேர்வை நினைவுக்கு வந்தது.

நைட்ரஸ் சிலிண்டரில் அழுத்தத்தைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு கோப்பை திரவம் கிடந்தாலும், முழுக்கக் கிடந்தாலும் மீற்றர் ஒன்றையே காட்டும். இருபது பாகையில் ஐம்பது பார், கச்சான் வெயிலில் அறுபதைத் தாண்டும். எடுக்க எடுக்கத் திரவம் கொதித்துத் தானே குளிரும், வெளியே வேர்க்கும், வேர்க்கிற கோடுதான் திரவத்தின் மட்டம். கொஞ்சத் திரவம் சுறுக்காகக் குளிரும், அழுத்தம் இறங்கும். ஆறவிட்டால் வெயிலில் திரும்ப ஏறி நல்ல பிள்ளை மாதிரி நிற்கும். நுனியை விடுவிக்கிறதும் அந்த அழுத்தம்தான்: வெளியேறும் வழியை அடைத்ததும் அழுத்த வாயு நுனிக்குள் நிறைந்து ஒடுங்கிச் சூட்டைக் கொடுக்கும், அப்போதுதான் ஐஸ் பிடியை விடும். அழுத்தம் இல்லாவிட்டால் பதினாலு வரை எண்ண வேண்டியதுதான். பழைய மெசினோ ஆளுயரச் சிலிண்டரில் ஓடியது. நான் இரண்டு மெசின்களை ஒப்பிட்டதாக நினைத்தேன். உண்மையில் ஒப்பிட்டது ஒரு முழுச் சிலிண்டரையும் ஒரு வெறுஞ் சிலிண்டரையும்.

பெரிய சிலிண்டரைப் பூட்டித் திரும்பக் கடற்பாசியில் குத்தினேன். இந்தத் தடவை காசு கொடுத்து வாங்கின கடற்பாசி. புதுசு ஐந்தாவதிலும் முதலாவதைப் போலவே நின்றது, நாலைந்து எண்ணுக்குள் விட்டது. கொய்யாக்காய் வடிவம் மட்டும் மாறவில்லை, அது மெசினின் சொந்தக் குறை. மேடத்திடம் போய்ச் சொன்னேன். ஏசுவா என்று நினைத்தேன். "அப்ப அண்டைக்கு அந்த மனிசன்ட கண்ணில பதினாலு எண்ணினது சிலிண்டராலயோ" என்று மட்டும் கேட்டா. ஓம் என்றேன். கனநேரம் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு நல்ல காலம், கண் தப்பியது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் அப்படியே கிடக்கிறது. காலையில் அந்தச் சிலிண்டரைப் பூட்டினது நான். மீற்றரைப் பார்த்துத் திருப்திப்பட்டதும் நான்.

மூன்றாவது அறிக்கையை எழுதினேன். அலுவலகத்தில் இரண்டாவதையே கோப்பில் போட்டிருந்தார்கள், கையெழுத்து அதில்தான் இருந்ததாம்.

போன மாதத்துப் படிவத்துக்கு வருகிறேன். அந்த நிரலில் மூன்று கொம்பனிக்கும் ஒரே புள்ளி போட்டேன். கீழே பென்சிலால் நாலு வரி சேர்த்தேன்: முழுச் சிலிண்டர், எடை பார்த்து. முப்பத்தேழு பாகைக் கடற்பாசியில் ஐந்து தடவை. ஐந்தாவது உருண்டையின் அளவும் வடிவமும். விடும் நேரம், எண்ணி. படிவம் மூன்றாம் நாள் திரும்பி வந்தது. 'கடற்பாசி' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நேற்று மூன்று கொம்பனியின் புரோப்பையும் ஆசுப்பத்திரிக்கு வரவழைத்திருக்கிறோம். நானா ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் கேள்விப்பட்டு வருவேன் என்றிருக்கிறார். இரவு அடுப்படியில் நான் இரண்டு தட்டில் கடற்பாசி காய்ச்சி ஊற்றி ஆறவைத்துவிட்டு வந்தேன். மனிசி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தபடி கூப்பிட்டா: "இஞ்சேருங்க, இதுல எது ஆசுப்பத்திரிக்கு, எது பிள்ளையளுக்கு?"

சிரப் விட்டது பிள்ளைகளுக்கு என்றேன். இரண்டுக்கும் விட்டிருந்தேன்.